பொகை வருதால?

மும்பையில் எனக்கு ஒரு படகு இருக்கிறது என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் தப்பாக நம்புகிறார்கள். செம்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "பெரிய இடம்தான் சார் நீங்க" என்று ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அவர் மனதில் சினிமாவில் வருகிற வெள்ளைப் படகு ஓடியிருக்கும். நம்முடையது 28 அடி பாய்மரப் படகு. வயது என் கல்யாணத்தை விட அதிகம். அதிலும் எனக்கு மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கு ஆபீஸ் நண்பர்கள் இருவருக்கு, ஒருவர் கல்கத்தா தாதா, இன்னொருவர் கோட்டயத்துக்காரர். என் பங்கின் விலை ஒரு பழைய மாருதி கார் விலை. கார் வாங்கவில்லை, இதை வாங்கினேன். தங்கமணி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை என்பது தனிக் கதை.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பாய்மரம் இருக்கே, அப்புறம் எஞ்சின் எதுக்கு?"

காற்று இருக்கும் வரைக்கும் தேவையில்லைதான். ஆனால் மும்பைக் கடலில் அக்டோபர் கடைசியிலிருந்து மே வரை காற்றுக்கு ஒரு ஆபீஸ் டைம் உண்டு. காலையில் மந்தமாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து நன்றாக வீசும், பொழுது சாய்கிற நேரத்தில் சில நாள் சட்டென்று கடையை மூடிவிடும். அப்போது வீடு வந்து சேர எஞ்சின் வேண்டும். எங்கள் படகில் இருப்பது ஜப்பான்காரன் செய்த இரண்டு சிலிண்டர் டீசல், 18 குதிரை சக்தி. உள்ளே ஏணிப்படிக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை சாவியைத் திருப்பினால் ஓடும், அதனால் அதை நாங்கள் யாரும் நினைப்பதே இல்லை.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நினைக்க வைத்தது.

காலையில் கேட்வே பக்கத்திலிருந்து கிளம்பி மாண்ட்வா போனோம். தாதா, நான், தங்கமணி, பன்னிரண்டு வயது மகள். பயணிகள் படகு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம், நமக்குப் பாயில் மூன்று மணி நேரம் ஆகும். மாண்ட்வாவில் வடா பாவ், டீ. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். 2024 டிசம்பர் 18 அன்று இதே துறைமுகத்தில் எலிஃபெண்டா போன பயணிகள் படகின் மேல் கடற்படையின் வேகப்படகு வந்து மோதியதே, அதற்குப் பிறகு தங்கமணி ஜாக்கெட் இல்லாமல் மிதவைப் பாலத்தில்கூட கால் வைக்க விடுவதில்லை. சரி, அது நல்லதுதான்.

திரும்பும்போது பாதி வழி நன்றாக வந்தோம். ஐந்தே முக்காலுக்குக் காற்று நின்றது. பாய் தொளதொளவென்று தொங்கியது. கொலாபா கட்டடங்கள் எதிரே தெரிகின்றன, ஆனால் நடுவில் கப்பல் வழி. ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் கப்பல்கள் எல்லாம் அந்த வழியில்தான் வந்து போகும். பத்து மாடிக் கட்டடம் ஒன்று நகர்ந்து வருவது போல இருக்கும், நம்மைப் பார்த்து அதனால் சட்டென்று நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. நாம்தான் ஒதுங்க வேண்டும். வற்ற நேரம் வேறு, தண்ணீர் வெளிக்கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் ஜம்மென்று சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"முதல்ல நங்கூரத்தைப் போடலாம்" என்றார் தாதா.

"இரு தாதா, ஸ்டார்ட் ஆயிடும்."

தாதா எனக்குப் பதில் சொல்லவில்லை. முன்னால் போய் நங்கூரத்தை இறக்கிவிட்டார். ஆழம் 7 மீட்டர், அடியில் சேறு. சங்கிலியும் கயிறுமாக 35 மீட்டர் விட்டார். படகு ஒரு தடவை பின்னால் போய், கயிறு இறுகி, மூக்கைத் தண்ணீர் வருகிற பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. கப்பல் வழிக்கு வெளியே, கொஞ்சம்தான் வெளியே. இப்போது யோசித்தால் அன்றைக்கு நடந்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான். அவர் போடாமல் என் பேச்சைக் கேட்டிருந்தால் எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் இருந்த நேரத்தில் நாங்கள் கப்பல் வழிக்கு நடுவே போயிருப்போம்.

அப்புறம் நான் செய்தது முழுக்க முட்டாள்தனம். நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். வேலை வங்கி சாஃப்ட்வேர். ஆகவே மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது, குறையே இல்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறபோதே பேட்டரியில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது. இருந்தும் டெர்மினல்களைக் கழற்றி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டி, இருபது நிமிடம் போக்கினேன். வீட்டில் சாவி தொலைந்தால் வெளிச்சம் இருக்கிற அறையிலேயே தேடுவோமே, அந்தக் கதை. நடுவில் நடுவில் சாவியைத் திருப்பி இருபது விநாடி, முப்பது விநாடி என்று சுற்றவிட்டுக்கொண்டே இருந்தேன். அது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆறேகாலுக்கு போன் அடித்தது. அப்பா.

இங்கே கொஞ்சம் வீட்டுக் கதை சொல்ல வேண்டும். எங்களுக்கு சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அம்மா இருந்தவரை சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவது அம்மாதான். கடைசியில் "இந்தா, அப்பாகிட்ட பேசு" என்று கொடுப்பாள். அப்பா "ம்... சாப்டியா... சரி... வைக்கட்டா" என்பார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நேரத்தை மட்டும் அவர் விடவில்லை. சனிக்கிழமை ஆறேகால். பேச்சு அதே நான்கு வார்த்தைதான், இப்போது முன்னுரை இல்லாமல்.

படகு வாங்கியதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் கிணற்றடியில் ஐந்து குதிரை ஆயில் எஞ்சின் ஒன்று இருந்தது. கிர்லோஸ்கர். (பூனாவில் 1946-ல் தொடங்கிய கம்பெனி. இந்த ஊருக்கு வந்து பல வருஷம் கழித்து பூனா கட்கி பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, கூட வந்தவர்களிடம் சொந்தக்காரர் வீட்டைக் காட்டுகிற மாதிரி காட்டினேன்.) மிளகாய்க்கும் பருத்திக்கும் அதுதான் தண்ணீர் இறைத்தது. 1994-ல் நான் எஞ்சினியரிங் சேர்ந்தபோது ஹாஸ்டல் பணம் கட்ட அப்பா அதை விற்றார். கிணறும் வற்றிக்கொண்டிருந்தது, எப்படியும் விற்றிருப்பார் என்று அம்மா சொல்வாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஆனால் அப்படிப்பட்ட மனிதரிடம் "விளையாட்டுக்கு ஒரு படகு வாங்கியிருக்கேன்" என்று எந்த வாயால் சொல்வது?

போனை எடுத்தது மகள். நான் எஞ்சின் பெட்டிக்குள் இருந்தேன், தடுக்க முடியவில்லை.

"தாத்தா! நாங்க கடல்ல இருக்கோம். எங்க போட்ல இன்ஜின் ஸ்டார்ட்டே ஆவல!"

அவ்வளவுதான். மூன்று வருஷ ரகசியம் ஒரே மூச்சில் போயிற்று. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு "உங்கப்பன்ட்ட குடு தாயி" என்று கேட்டது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏல, என்ன எஞ்சினு?"

"டீசல்ப்பா. ரெண்டு சிலிண்டர்."

"சுத்துதா?"

"நல்லா சுத்துது. பிடிக்க மாட்டேங்குது."

"பொகை வருதால?"

நான் தாதாவைப் பார்த்தேன். தாதா என்னைப் பார்த்தார். அரை மணி நேரமாக இரண்டு எஞ்சினியர்கள் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கிறோம், ஒருத்தராவது படகின் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. மகளைப் பின்பக்கம் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு (தங்கமணி அவள் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்) ஐந்து விநாடி சுற்றினேன். தண்ணீர் மட்டும் வந்தது. புகை இல்லை.

"இல்லப்பா."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

"போன எஞ்சின் பக்கத்துல வச்சு ஒரு சுத்து சுத்து."

வைத்தேன். சுற்றினேன். கேட்டார்.

"கம்ப்ரஷன் இருக்கு. அவன் நல்லாத்தான் இருக்கான். பட்டினி கெடக்கான்."

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்கினால் அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சுடும், அதில் டீசலைப் பூத்தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே ஸ்டார்ட் ஆகாத டீசலிடம் கேட்க அதிகக் கேள்விகள் இல்லை. சுற்றுகிறதா, காற்று அமுங்குகிறதா, டீசல் வருகிறதா. சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே வரவில்லை என்றால் டீசல் போகவே இல்லை. இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தப் புத்தகம் படகிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

"நிறுத்துற கம்பிய தள்ளி வச்சிருக்கியா?" என்று கேட்டார் அடுத்து. டீசலை சாவி நிறுத்தாது, ஒரு கேபிளை இழுத்து எரிபொருளை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். இழுத்ததைத் திரும்பத் தள்ள மறந்தால் ஜென்மத்துக்கும் ஸ்டார்ட் ஆகாது. பார்த்தேன், தள்ளித்தான் இருந்தது. (அதுவாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.)

"அப்ப டேங்க்ல இருந்து வரிசையா வா. நடுவுல தாவாத."

டேங்கில் மூன்றில் ஒரு பங்கு டீசல் இருந்தது. வால்வு திறந்திருந்தது. அடுத்தது முதல் ஃபில்டர், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்கு மேல் கறுப்பாக, காபி வடிகட்டிய சக்கை மாதிரி ஏதோ.

அது என் கைவேலைதான். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழைக்காலத்தில் கேட்வே - மாண்ட்வா சின்னப் படகுகளே நின்றுவிடும், எங்களைப் போன்றவர்கள் மே கடைசியில் படகைக் கரையில் ஏற்றி மூடி வைப்போம். ஏற்றும் முன்பு டேங்கை முழுக்க நிரப்பி வைக்க வேண்டும் என்று கோட்டயத்துக்காரர் சொன்னார். நாலு மாசம் சும்மா கிடக்கிற படகுக்கு எதுக்கு அத்தனை டீசல், அக்டோபரில் போட்டுக்கலாம் என்று சொன்னது நான். காலி இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஈரக் காற்று உள்ளே நிற்கும். மும்பை மழைக்காலத்துக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், அலமாரியில் இருக்கிற தோல் செருப்பில் பூஞ்சை முளைக்கும். அந்த ஈரம் டேங்கின் சுவரில் வியர்த்து, வழிந்து, அடியில் தண்ணீராக நிற்கும். தண்ணீர் டீசலை விடக் கனம். இரண்டும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும், டீசலையே தின்று வளரும். அந்தச் சக்கைதான் கிண்ணத்தில் இருந்தது. சீசன் முழுக்க அடியில் அமைதியாகக் கிடந்தது, அன்று டேங்க் குறைந்திருந்த நேரத்தில் அலையில் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைத்துவிட்டது. 2020-லிருந்து மாண்ட்வாவுக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் ஓடுகிறதே, சாயங்காலம் அது எழுப்பிய அலையில் எங்கள் படகு ஒரு ஆட்டம் ஆடியது. அப்போதே கலங்கியிருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். டேங்கை நிரப்பாத கதையையும் சொன்னேன், ஏனோ மறைக்கத் தோன்றவில்லை.

"நாலு மாசம் பாதி டேங்கோட போட்டியா? சவத்த மூதி. நம்மள்து நின்னா நான் ராத்திரியே மூடிவரைக்கும் ஊத்திருவேன்."

வால்வை அடைத்து, கிண்ணத்தை வடித்து, துடைத்து, புது ஃபில்டர் போட்டேன். உபரி ஃபில்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. தாதா பாய்மரத்தில் வெள்ளை நங்கூர விளக்கைப் போட்டார், கிளப்பின் படகோட்டிக்குப் போன் பண்ணி எங்கே நிற்கிறோம் என்று சொன்னார். மீன்பிடிக்க வெளியே போய்க்கொண்டிருந்த கோளிப் படகு ஒன்று வேகத்தைக் குறைத்து அருகே வந்தது. என்ன ஆச்சு என்று மராத்தியில் கேட்டார் தாண்டேல். எங்கள் நங்கூரக் கயிறு போகிற கோணத்தைப் பார்த்தார். நல்லா பிடிச்சிருக்கு, நகரமாட்டீங்க, ராத்திரி தண்ணி ஏறும்போது தானே உள்ளே தள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கமணிக்கு அதைத் தமிழில் சொன்னேன். "ராத்திரி" என்ற ஒரு வார்த்தைதான் அவள் காதில் விழுந்தது.

ஃபில்டரைத் திறந்தால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். டீசல் எஞ்சினுக்கு அது ஆகாது. ஊசித் துளையைத் திறக்க 150 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். டீசல் அமுங்காது, பம்ப் தள்ளுகிற அழுத்தம் அப்படியே ஊசிக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் தள்ளத் தள்ள குமிழிதான் சுருங்கும், விரியும். ஊசி திறக்காது. ஊரில் இதற்கு "ஏர் லாக்" என்பார்கள், வெளியேற்றுவதற்கு "ஏர் எடுக்கிறது". சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அப்பா ஸ்பேனரோடு குனிந்திருப்பார், நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், கையில் டீசல் வாசம் இரண்டு நாளைக்குப் போகாது.

"பம்புல ஒரு குட்டி லீவர் இருக்கா? அத அமுக்கு."

இருந்தது. அமுக்கினேன். தொளதொளவென்று ஆடியது, ஒன்றும் வரவில்லை.

"அமுங்கலியா? கேமு மேட்டுல நிக்குது. எஞ்சின ஒரு அரைச் சுத்து சுத்திட்டு அமுக்கு."

கண்ணால் பார்க்காத எஞ்சினைப் பற்றி எப்படிச் சொல்கிறார் என்று தாதா என்னைக் கேட்டார். எனக்கே தெரியவில்லை. கப்பியைப் பிடித்து எஞ்சினை அரைச் சுற்று சுற்றிவிட்டு அமுக்கினேன். லீவர் இறுகியது. மகள் அமுக்கினாள், நான் இரண்டாவது ஃபில்டரின் மேல் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். முதலில் நுரை, சளசளவென்று குமிழி, அப்புறம் சுத்தமான டீசல். மூடினேன். அடுத்தது இன்ஜெக்‌ஷன் பம்பில் இருக்கிற ஸ்க்ரூ. அதே மாதிரி. கடைசியில் ஊசிக்குப் போகிற குழாயின் நட்டு, 17 நம்பர் ஸ்பேனர்.

"துணிய சுத்திக்கோ. பீச்சிற எடத்துல வெறுங்கைய வைக்காத, தோலுக்குள்ள எறங்கிரும்." அது மிகை இல்லை. ஊசியிலிருந்து வருகிற டீசல் தோலைத் துளைத்துவிடும்.

"இப்ப டீகம்ப்ரஷன் லீவர தூக்கிட்டு, ஆக்ஸிலேட்டர முழுசா வச்சு, டீசல் வர்ற வரைக்கும் விடாம சுத்து."

விடாமல் சுற்றுவதற்குச் சாவியில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் அது உறைத்தது.

கிணற்றடி எஞ்சினுக்கும் படகு எஞ்சினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படகில் எஞ்சின் சுற்றினால் கூடவே ஒரு பம்ப் கடல் தண்ணீரை இழுக்கும். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு அந்தத் தண்ணீர் புகைக்குழாயில் சேர்ந்து சைலன்சருக்கு வரும். எஞ்சின் ஓடினால் புகை அதை வெளியே தள்ளிவிடும். ஓடாமல் வெறுமே சுற்றிக்கொண்டிருந்தால் தள்ளப் போதுமான வேகம் இருக்காது. கொஞ்சம் வெளியே போகும், மிச்சம் சைலன்சரில் நிறையும். நிறைந்தால் திரும்ப வந்து சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும், அத்தோடு எஞ்சின் காலி. நான் ஒரு மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதுல விடாம சுத்தக் கூடாது" என்றேன். காரணத்தைச் சொன்னேன்.

"கடல் தண்ணியவா எஞ்சினுக்குள்ள விடுவான்? எந்தக் கூமுட்டைல செஞ்சான் இத?"

விளக்கினேன். இரண்டு கேள்வி கேட்டார். மூன்றாவதாக, "அப்ப மொதல்ல அந்தத் தண்ணிய வடி. ஆயில் குச்சிய எடுத்துப் பாரு, மோர் மாரி வெளுத்திருந்தா சாவியத் தொடாத" என்றார். அது அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நான் சொன்ன இரண்டு நிமிடத்தில் அவரே போய்ச் சேர்ந்த இடம்.

கடல் தண்ணீர் உள்ளே வருகிற வால்வை அடைத்தேன். சைலன்சரின் அடித்திருகைத் திறந்தால் அரை வாளி வந்தது. ஆயில் குச்சியை எடுக்கும்போது கை நடுங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய் கறுப்பாக, எண்ணெயாகவே இருந்தது.

அப்புறம் ஐந்து ஐந்து விநாடியாகச் சுற்றினோம். நான்காவது தடவை நட்டு வழியாக டீசல் துப்பியது. இறுக்கினேன். லீவரைக் கீழே விட்டேன். மகளை வால்வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன், எஞ்சின் பிடித்த உடனே திறக்க வேண்டும், தாமதித்தால் தண்ணீர் பம்பின் ரப்பர் எரிந்துவிடும். சாவியைத் திருப்பினேன்.

பிடித்தது. "தாத்தா!" என்று கத்திக்கொண்டே அவள் வால்வைத் திறந்தாள். தங்கமணி கைதட்டினாள். நாற்பது விநாடி ஓடியது. குரல் ஏறி இறங்கியது, இருமியது, நின்றது.

யாரும் எதுவும் பேசவில்லை. போனில் அவர்தான் பேசினார்.

"ஓடி நின்னா நல்லது. எங்கியோ காத்து இழுக்குது. நீ கடைசியா எதத் தொறந்த? அதுலதான் இருக்கும்."

ஃபில்டர் கிண்ணம். ரப்பர் வளையம் ஒரு பக்கம் பள்ளத்தில் உட்காராமல் நசுங்கியிருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மாட்டினால் அப்படித்தான். நல்லவேளை, வளையம் அறுபடவில்லை. விரலில் டீசலைத் தொட்டு வளையத்தில் தடவி, உட்கார வைத்து, இந்த முறை தாதா டார்ச் பிடிக்க, மெதுவாக இறுக்கினேன். வால்வை அடைத்து, ஏர் எடுத்து, எல்லாம் மறுபடி. ஏழு இருபதுக்குப் பிடித்தது. ஐந்து நிமிடம் ஓட விட்டோம். நிற்கவில்லை.

"இப்ப சத்தம் சரியா இருக்கு" என்றார் அப்பா. போனை வைக்கவில்லை.

நங்கூரத்தை எடுத்து, ஒரு கப்பல் தாண்டும்வரை காத்திருந்து, கப்பல் வழியைக் குறுக்கே கடந்தோம். கேட்வே விளக்குகள் பக்கத்தில் வர வர நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி வந்தது.

"என்ன வெலைல அந்தப் படகு?"

சொன்னேன். என் பங்கை மட்டும் சொல்லவில்லை, முழு விலையையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஊர் நாய் குரைப்பது கேட்டது. எனக்கு 1994 ஞாபகம்தான். அவருக்கு என்ன ஞாபகமோ.

"எத்தன குதிர?"

"பதினெட்டு."

"நம்மள்து அஞ்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டேங்கு எத்தன லிட்டரு?"

"நாப்பது."

"மொத்தத்தையும் வடிச்சிட்டு கழுவு. ஃபில்டர மட்டும் மாத்தினா திரும்ப வரும்."

மணி பார்த்தேன். போன் வந்து எண்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. "வைக்கட்டா" என்றார், வைத்தார்.

அடுத்த ஞாயிறு டேங்கைக் காலி செய்து கழுவினோம். கோட்டயத்துக்காரர் ஒன்றும் சொல்லாமல் சக்கை நிறைந்த வாளியை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். இப்போது படகில் மூன்று உபரி ஃபில்டர், இரண்டு ரப்பர் வளையம். கிண்ணத்தை மாதம் ஒரு முறை வடிக்கிறேன். இந்த மே மாதம் கரையில் ஏற்றும் முன் மூடிவரைக்கும் ஊற்றினேன். அதை அவருக்குச் சொல்லப் போன் பண்ணினேன், வியாழக்கிழமை, சனிக்கிழமை கூட இல்லை. படகின் எஞ்சினைத் தண்ணீர்தான் குளிர்விக்கிறது என்றால் உப்பு அரிக்காதா என்று கேட்டார். அரிக்கும், அதற்குத் துத்தநாகத் துண்டு ஒன்று உள்ளே வைத்திருக்கிறார்கள், முதலில் அது கரையும் என்றேன். அதைக் கழற்றிப் பார்த்தாயா என்றார்.

இல்லை. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.